மூச்சுக் கருவியில் காற்றைக் கணக்கிட்டுச் செலவழிப்பது: தீயணைப்பு வீரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

புகைக்குள் போகும் பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது இதைத்தான்: "இந்த சிலிண்டர் எத்தனை நிமிடம் வரும்?" சிலிண்டரை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே அளவு சிலிண்டரை மாட்டிக்கொண்டு ஒரே வேலையைச் செய்த இருவரில், ஒருவருக்கு 18 நிமிடத்திலும் இன்னொருவருக்கு 27 நிமிடத்திலும், காற்று குறைந்துவிட்டது என்று எச்சரிக்கும் விசில் அடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே இருக்கும்போது மனதில் ஓட வேண்டிய கேள்வி வேறு. இப்போது நிற்கும் இடத்திலிருந்து நல்ல காற்றுக்குத் திரும்ப எனக்கு எவ்வளவு வேண்டும்? அது என்னிடம் இருக்கிறதா? கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு எந்த நொடியிலும் கையில் பதில் இருப்பதற்காகத்தான். வரிசையை மாற்ற வேண்டாம். முந்தின படியில் கிடைத்த எண் இல்லாமல் அடுத்த படியின் கணக்கு நிற்காது.

இங்கே சொல்வது முதுகில் சுமக்கும் அழுத்தக் காற்று செட்டுக்கு. மூச்சைச் சுத்தம் செய்து திரும்பத் தரும் கருவிகளுக்குக் கணக்கு வேறு. உங்கள் நிலையத்து விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழுமையாக நிரப்பிய சிலிண்டர், சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் பழுதில்லாத பிரஷர் கேஜ், நீங்கள் வழக்கமாகப் போடும் அதே முகமூடி, முழுப் பாதுகாப்பு உடை, ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, எண்களைக் குறித்துக்கொள்ள ஓர் ஆள்.

உடை விஷயத்தில் பலர் சலுகை எடுத்துக்கொள்கிறார்கள். டி-ஷர்ட்டில் செட்டை மாட்டி அளந்துவிட்டு, "நான் நிமிடத்துக்கு 35 லிட்டர்தான்" என்பார்கள். கனமான உடை, பூட்ஸ், ஹெல்மெட், முதுகில் செட் எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். அந்தச் சுமையோடு அளக்காத எண் தீ விபத்து இடத்தில் உதவாது.

முகமூடி முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்ற சோதனையும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இன்றைய செட்களில் முகமூடிக்குள் வெளிக்காற்றைவிடச் சற்றே கூடுதல் அழுத்தம் இருக்கும். ஓரத்தில் இடைவெளி இருந்தால் உள்ளிருக்கும் காற்று வெளியே கசியும், புகை பெரும்பாலும் உள்ளே வராது. அதனாலேயே கசிவு இருப்பது அணிந்தவருக்குத் தெரியாமல் போகிறது. இரண்டு நாள் தாடிகூட இப்படிக் காற்றைத் தின்னும்.

2. சிலிண்டரில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். உள்ளே இருப்பது ஆக்ஸிஜன் அல்ல. நாம் இப்போது சுவாசிக்கும் அதே காற்று, ஏறத்தாழ 21 சதவீத ஆக்ஸிஜனோடு, அழுத்தி அடைக்கப்பட்டிருக்கிறது. "ஆக்ஸிஜன் சிலிண்டர்" என்றே பழகியவர்கள் கொஞ்சம் மூச்சிழுத்தாலே போதும் என்று நம்பிவிடுகிறார்கள். அப்படி இல்லை. வேலைக்கு ஏற்ற முழு அளவு காற்று வேண்டும்.

கணக்கு எளிது. சிலிண்டரின் கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்கினால் காற்றின் அளவு வரும். பரவலாகப் பயன்படும் 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) என்றால் 2,040 லிட்டர். ஆனால் இது தாளில் வரும் எண். அவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் காற்று எளிய விதிப்படி அடங்காது, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாகவே அடங்கும். கையில் இருப்பது சுமார் 1,850 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலும் முழுவதும் வேலைக்கு அல்ல. விசில் அடிக்கும் அழுத்தத்துக்குக் கீழே இருப்பது அவசர இருப்பு. அதைத் தொடாமல் கணக்கிட்டால் 6.8 லிட்டர் சிலிண்டரில் செலவழிக்கக் கிடைப்பது 1,450 லிட்டர் அளவுதான். நிமிடத்துக்கு 40 லிட்டர் செலவழிப்பவருக்கு இது 36 நிமிடம். 60 லிட்டர் என்றால் 24 நிமிடம். 80 லிட்டர் என்றால் 18 நிமிடம். போய்வரும் நேரமும் இதற்குள்ளேதான்.

சிலிண்டரை "30 நிமிட சிலிண்டர்" என்று அழைப்பதும் இங்கேதான் ஏமாற்றுகிறது. அமெரிக்க முறையில் இந்தப் பெயர், நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுக்கும் ஓர் இயந்திரத்தில் மாட்டிச் சோதித்து வைத்தது. ஹோஸை இழுத்துக்கொண்டு படியேறுகிற மனிதர் அந்த இயந்திரத்தைவிட அதிகம் இழுப்பார்.

வெப்பநிலையையும் கவனியுங்கள். நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும். 40 டிகிரியில் 300 பார் காட்டியது, ஆறி 20 டிகிரிக்கு வந்தால் சுமார் 280தான் காட்டும். கசிவு எதுவும் இல்லை, ஆனால் அந்த 20 பார் உங்களிடம் எப்போதுமே இருந்ததில்லை. அதனால் நிரப்பிய உடனே எழுதிய எண்ணை நம்பாமல், ஆறிய பிறகு கேஜைப் பார்த்து எழுதுங்கள்.

3. உங்கள் சொந்தச் செலவை அளத்தல்

பலர் தவிர்க்கும் படி இதுதான். அட்டவணையில் இருக்கும் சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள். சராசரி மனிதர் யாரும் புகைக்குள் போவதில்லை, நீங்கள்தான் போகிறீர்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 10 லிட்டர் வரை சுவாசிக்கிறார். முழு உடையில் நின்றால் இது 20ஐ நெருங்கும். நடுத்தர வேலையில் 40, கடும் வேலையில் 60 முதல் 80. உச்சத்தில் சில நிமிடங்களுக்கு 100ஐயும் தாண்டும். உங்கள் எண் இதில் எங்கே விழுகிறது என்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். செட்டை மாட்டி, முகமூடி போட்டு, கேஜைப் படித்து, நேரத்தைத் தொடங்குங்கள். பிறகு 12 நிமிடம் இடைவிடாமல் உங்கள் வேலையைப் போன்ற வேலை: ஹோஸ் சுருளோடு மூன்று மாடி ஏறி இறங்குதல், தவழ்ந்து 20 மீட்டர் போய்வருதல், ஆள் எடையுள்ள பொம்மையை இழுத்தல், சுத்தியலால் அடித்தல். முடிந்ததும் நின்று இளைப்பாறாமல் உடனே கேஜைப் படியுங்கள்.

தொடக்கத்தில் 290, முடிவில் 170 என்று வைப்போம். 12 நிமிடத்தில் 120 பார் போயிருக்கிறது, அதாவது நிமிடத்துக்கு 10 பார். லிட்டரில் வேண்டுமானால் 120ஐ 6.8ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 68 வரும்.

இந்த இரண்டில் மனதில் வைக்க வேண்டியது 10 பார் என்பதைத்தான். உள்ளே உங்கள் கேஜ் லிட்டரைக் காட்டாது, பாரைத்தான் காட்டும். புகையில் முட்டிபோட்டபடி யாராலும் 6.8ஆல் பெருக்க முடியாது. ஆனால் ஒன்று, பார் கணக்கு அந்த அளவு சிலிண்டருக்கு மட்டுமே பொருந்தும். 9 லிட்டர் சிலிண்டரை மாட்டினால் அதே வேலைக்கு நிமிடத்துக்கு ஏழரை பார்தான் இறங்கும். சிலிண்டர் அளவு மாறினால் எண்ணை மாற்றுங்கள்.

முன்பு சொன்ன பத்தில் ஒரு பங்கு குறைவு இந்தச் சோதனையில் என்ன செய்கிறது? உயர்ந்த அழுத்தத்தில் ஒவ்வொரு பாருக்கும் காற்று கொஞ்சம் குறைவு. அதனால் மேல்பகுதியில் முள் வேகமாக இறங்கும், கீழே வர வர சற்று நிதானமாகும். மேல்பகுதியில் அளந்த எண் உங்கள் செலவைச் சிறிது கூட்டியே காட்டும். அந்தத் தவறு பாதுகாப்பான பக்கத்தில் இருப்பதால் அப்படியே விட்டுவிடலாம்.

சோதனையை ஒரே நாளில் திரும்பச் செய்யாமல், இரண்டு மூன்று வெவ்வேறு நாட்களில் செய்யுங்கள். சராசரி எடுக்க வேண்டாம். வந்ததில் பெரிய எண்ணே உங்கள் எண். தூக்கம் கெட்ட நாளிலும் அழைப்பு வரும்.

4. அணிவதற்கு முன் சோதனை

சிலிண்டர் வால்வை முழுவதும் திறந்து கேஜைப் பாருங்கள். முழு அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் அந்த சிலிண்டரை மாற்றிவிடுங்கள். "போதும், சின்ன வேலைதானே" என்று தொடங்கிய வேலைகள் சின்னதாக முடிவதில்லை.

அடுத்து வால்வை மூடிவிட்டு ஒரு நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். 10 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது, அந்த செட் உள்ளே போகக் கூடாது. இறங்கவில்லை என்றால், குழாயில் மிச்சமுள்ள காற்றை மெதுவாக வெளியேற்றியபடி முள்ளைப் பாருங்கள். விசில் அடிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியத் தரத்தில் இது 55 பாருக்கு 5 முன்னே பின்னே இருக்கும். அமெரிக்கத் தரத்தில் 2013 பதிப்பிலிருந்து எச்சரிக்கை முழு அழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்கில் வருகிறது. அதற்கு முன் கால் பங்கில் வந்தது. உங்கள் செட் எந்த வகை என்று தெரியாமல் அடுத்த படிகளின் கணக்கைப் போட முடியாது.

இந்தச் சோதனையில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, முடிந்தபின் வால்வைத் திரும்ப முழுவதும் திறக்காமல் விடுவது. பாதி திறந்த வால்வில் முதல் பத்து நிமிடம் எதுவும் தெரியாது. சிலிண்டரில் அழுத்தம் குறைந்து, வேலையும் கடுமையாகும்போது மூச்சு இழுக்க இழுக்க வராதது போலிருக்கும். சுவரில் உரசி வால்வு தானாக மூடிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. கையுறை போட்ட கையை முதுகுக்குப் பின்னே கொண்டுபோய் அதைத் தேடும் நிலை யாருக்கும் வர வேண்டாம். திறந்தாயிற்றா என்று கூட்டாளியும் கையால் தொட்டுப் பார்க்கட்டும்.

5. எப்போது காற்றைத் தொடங்குவது

முகமூடியை முகத்தில் பொருத்தி, உள்ளங்கையால் அடைத்தோ செட்டின் முறைப்படியோ கசிவு பார்த்துவிட்டு, சிலிண்டர் காற்றை முகமூடிக்குள் விடும் ரெகுலேட்டரை இணைக்காமல் வாசல்வரை போங்கள். புகை இல்லாத நல்ல காற்றில் நின்று, கூட்டாளியோடு ஒரே நேரத்தில் இணைத்து, உள்ளே போங்கள்.

சீக்கிரம் இணைத்தால் வீண். சும்மா நின்றாலே 6.8 லிட்டர் சிலிண்டரில் நிமிடத்துக்கு 3 பார் போகும். தண்ணீர் வருவதற்காக வாசலில் 5 நிமிடம் காத்திருந்தால் 15 பார் போய்விடும். ஆனால் தாமதிப்பது அதைவிட மோசம். "இன்னும் புகை மெல்லியதாகத்தான் இருக்கிறது" என்று நான்கு அடி உள்ளே போய் இணைக்கிறவர், அந்த நான்கு அடியில் கார்பன் மோனாக்சைடைச் சுவாசித்துவிட்டார். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சந்தேகம் வந்தால் சீக்கிரம் இணைப்பதே சரி.

முகத்திலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றும்போதும் கவனம் தேவை. முதல் மூச்சில் தானாகத் திறக்கும் வகை, முகத்தை விட்டு விலகியதும் காற்றைப் பீய்ச்சத் தொடங்கும். அணைக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் கழற்றாவிட்டால் சில நொடிகளில் பல பார் போகும். பைபாஸ் வால்வும் அப்படித்தான். கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைக்க அதைத் திறக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது ரெகுலேட்டர் பழுதானால் உயிர் காக்க வைத்தது.

6. வாசலில் எண்ணை ஒப்படைத்தல்

உள்ளே போகும் ஒவ்வொருவரும் பெயர், சிலிண்டர் அழுத்தம், காற்று தொடங்கிய நேரம் மூன்றையும் வெளியே பதிவு எடுப்பவரிடம் சொல்ல வேண்டும். "ஃபுல்" என்று சொல்லக் கூடாது. "290" என்று எண்ணாகச் சொல்லுங்கள்.

பதிவு எடுப்பவர் விசில் அடிக்கும் நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டு எழுதுவார். 290இல் தொடங்கி 60இல் விசில், நிமிடத்துக்கு 10 பார் என்றால் 23 நிமிடம். உள்ளே இருப்பவருக்கு நேரம் ஓடுவதே தெரியாது. பத்து நிமிடம் இருந்துவிட்டு நான்கு நிமிடம் என்பார்கள். அதனால் கடிகாரம் வெளியே இருப்பவர் கையில்தான் இருக்க வேண்டும். ஜெர்மனியின் தீயணைப்புப் பணி விதி 7, எதிர்பார்க்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கிலும் மூன்றில் இரண்டு பங்கிலும் உள்ளே இருப்பவர்களுக்கு அழுத்தத்தை நினைவூட்டச் சொல்கிறது. மேலே உள்ள உதாரணத்தில் 8ஆவது நிமிடத்தை ஒட்டியும் 15ஆவது நிமிடத்தை ஒட்டியும் ஒரு கேள்வி போகும். எந்த நிலையமும் கடைப்பிடிக்கக்கூடிய எளிய பழக்கம் இது.

7. உள்ளே: போய்ச் சேர்ந்ததும் முதல் கணக்கு

வேலை செய்ய வேண்டிய இடத்தை அடைந்ததும், ஹோஸைத் திறக்கும் முன், தேடத் தொடங்கும் முன், இருவரும் கேஜைப் படிக்க வேண்டும். இந்த ஒரு எண்ணைத் தவறவிட்டால் திரும்பும் கணக்கை அதன்பின் போடவே முடியாது, ஏனென்றால் வழிக்கு ஆன செலவும் வேலைக்கு ஆன செலவும் கலந்துவிடும்.

கணக்கு இப்படி. வர எவ்வளவு ஆனதோ, திரும்ப அதைப்போல் இரு மடங்கு. அதோடு விசில் அளவைக் கூட்டுங்கள். வருவது உங்கள் திரும்பும் அழுத்தம். கேஜ் அந்த எண்ணைத் தொட்டதும் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

இருவர் கொண்ட குழுவைப் பார்ப்போம். முதலாமவர் 290இல் தொடங்கி 260இல் வந்து சேர்ந்தார், செலவு 30. இரு மடங்கு 60, விசிலுக்கு 60, ஆக அவர் திரும்பும் அழுத்தம் 120. இரண்டாமவர் 280இல் தொடங்கி 235இல் வந்தார், செலவு 45. இரு மடங்கு 90, விசிலுக்கு 60, ஆக 150. யாருடைய எண் முதலில் வருகிறதோ அப்போது இருவரும் சேர்ந்து திரும்ப வேண்டும்.

இரண்டாமவருக்கு 235இலிருந்து 150வரை வேலைக்கு 85 பார்தான் இருக்கிறது. நிமிடத்துக்கு 10 என்றால் எட்டரை நிமிடம். முதலாமவர் கேஜில் அப்போது தாராளமாக இருக்கும், அவருக்கு இன்னும் பத்து நிமிடம் வேலை செய்யத் தோன்றும். "நீ போ, நான் பின்னாலேயே வருகிறேன்" என்ற பேச்சு இங்கேதான் வரும். அதை ஒருபோதும் ஏற்கக் கூடாது. தனியாகத் திரும்புகிறவருக்கு வழி தவறினால் உதவ யாரும் இல்லை. தனியாக நிற்கிறவருக்கும் இல்லை.

ஏன் இரு மடங்கு என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். வரும்போது நீங்கள் களைப்பில்லாமல் இருந்தீர்கள், புகையும் இவ்வளவு இல்லை. திரும்பும்போது உடல் சூடேறியிருக்கும், ஹோஸைத் தடவித் தடவி வழி கண்டுபிடிக்க வேண்டியிருக்கும், ஒருவேளை ஆளைச் சுமக்க வேண்டியிருக்கும். போன அளவே திரும்பவும் ஆகும் என்று கணக்குப் போட்டால், ஒரு கதவைத் தவறவிட்டாலே அவசர இருப்பில் கை வைக்க நேரும்.

இப்போது எல்லோரும் சறுக்கும் இடம். வேலையின் நடுவில் "இன்னும் உள்ளே போய்ப் பார்க்கலாம்" என்று குழு நகர்கிறது. இரண்டாமவர் 200இல் இருக்கிறார், அவர் எண் 150, இன்னும் 50 இருக்கிறதே என்று நினைக்கிறார். மேலும் உள்ளே போக 25 பார் ஆகிறது. இப்போது கேஜ் 175. ஆனால் வழி நீண்டுவிட்டதால் வரும் செலவு 45உம் 25உம் சேர்ந்து 70 ஆகிவிட்டது. இரு மடங்கு 140, விசில் 60, புதிய திரும்பும் அழுத்தம் 200. அவர் 175இல் நிற்கிறார். திரும்ப வேண்டிய எண்ணைத் தெரியாமலே தாண்டிவிட்டார்.

அதனால் நகர்ந்த பிறகு கணக்குப் போடாதீர்கள், நகரும் முன் போடுங்கள். உள்ளே போகும் ஒவ்வொரு 10 பாரும் திரும்பும் எண்ணை 20 பார் உயர்த்துகிறது, கேஜையும் 10 பார் இறக்குகிறது. இரண்டும் சேர்ந்து உங்களிடம் இருக்கும் இடைவெளியில் 30 பாரை எடுத்துக்கொள்கின்றன. இடைவெளி 50 என்றால் உள்ளே இன்னும் 15 பார் அளவுக்குமேல் போக முடியாது. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இந்த மூன்று மடங்கு விஷயத்தைத் தாளில் ஐந்து முறையாவது போட்டுப் பார்க்கச் சொல்வேன். தாளில் போட்டவர்களுக்குத்தான் புகையில் நினைவு வருகிறது.

அதன்பிறகு கேஜைப் பார்க்கும் இடங்களை நேரத்தோடு கட்டாமல் செயலோடு கட்டுங்கள். ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும், ஒவ்வொரு அறை தேடி முடிந்ததும், மாடிப்படிக்கு முன்பும் பின்பும். பார்த்ததை வாய்விட்டுக் கூட்டாளியிடம் சொல்லுங்கள். சொல்லாத எண் மறந்துபோகும்.

8. குறைவாகச் செலவழிக்கச் சுவாசிப்பது

காற்றை மிச்சம் பிடிக்க மூச்சை அடக்குவதுதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். அது எதிர்மாறாக முடியும். அடக்கும்போது உடலில் கரியமில வாயு சேரும். மூச்சு வாங்கத் தூண்டுவது பெரும்பாலும் அந்த வாயுதான். சிறிது நேரத்தில் தலை வலிக்கும், பிறகு அடக்கியதற்கும் சேர்த்து வேகமாக இழுப்பீர்கள்.

சிறு சிறு மூச்சாக வேகமாக விடுவதும் வீண்தான். ஒவ்வொரு மூச்சிலும் ஒரு பகுதி மூச்சுக்குழாயிலும் முகமூடியின் உள் கப்பிலும் தங்கிவிடும், நுரையீரலுக்குப் பயன்படாது. அது மூச்சுக்கு 0.3 லிட்டர் என்று வைப்போம். நிமிடத்துக்கு 40 முறை, முறைக்கு 1 லிட்டர் என்று சுவாசித்தால் 40 லிட்டரில் 12 வீண். 20 முறை, முறைக்கு 2 லிட்டர் என்றால் அதே 40 லிட்டரில் வீணாவது 6தான். ஆழமாக, நிதானமாக என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

பழக்க வேண்டியது வெளிவிடும் மூச்சை. சாதாரணமாக இழுத்து, வெளிவிடும்போது "ம்ம்ம்" என்று மெல்லிய முனகலோடு நீளமாக விடுங்கள். முனகல் வெளிமூச்சைத் தானாக நீட்டும், பதற்றமும் அடங்கும். சிக்கிக்கொண்டவர்களுக்காகச் சொல்லித்தரும் முறை இது. ஆனால் சிக்கிய பிறகு முதல்முறையாகச் செய்துபார்த்தால் வராது. சாதாரணப் பயிற்சியிலேயே செய்துவையுங்கள்.

மற்றது வேலையைப் பங்கிடுவது. கனமான வேலையை ஒருவரே செய்தால் அவர் சிலிண்டர் குழு முழுவதையும் சீக்கிரம் வெளியே இழுத்துவிடும். கதவு உடைப்பதை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மாடி ஏறியதும் கால் நிமிடம் நின்று மூச்சு சீராகட்டும், பிறகு நகருங்கள். அந்தக் கால் நிமிடத்தில் போவது ஓரிரு பார்தான்.

9. விசில் அடித்தால்

நன்றாகத் திட்டமிட்டிருந்தால் விசில் வெளியே வந்த பிறகுதான் அடிக்க வேண்டும். அதைக் கிளம்பும் நேரத்துக்கான மணியாக எடுத்துக்கொள்ளவே கூடாது. 6.8 லிட்டர் சிலிண்டரில் 55 பார் என்றால் 374 லிட்டர். பதற்றத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் இழுத்தால் 5 நிமிடம்கூட இல்லை.

உள்ளே அடித்துவிட்டால் முதலில் கூட்டாளியைத் தொட்டு நிறுத்துங்கள். யாருடைய விசில் என்று புகையில் தெரியாது, இருவரும் கேஜைப் பாருங்கள். உடனே வாக்கிடாக்கியில் யார், எங்கே, எத்தனை பார் என்று சொல்லிவிட்டு நகருங்கள். வழி தெளிவாகத் தெரியவில்லை என்றால் அந்த நொடியிலேயே மூன்று முறை "மேடே" என்ற உயிராபத்து அழைப்பைச் சொல்லுங்கள். கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டு அழைக்கலாம் என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நிமிடமும் மீட்புக் குழுவின் நேரத்திலிருந்து போகிறது. கூச்சம் வேண்டாம். தேவையில்லாமல் அழைத்தவரை யாரும் திட்டக் கூடாது என்பதை நிலையங்களும் உறுதியாகச் சொல்லிவைக்க வேண்டும்.

நகர முடியாவிட்டால் தரையோடு தாழ்ந்து, முடிந்தால் கதவு மூடிய அறைக்குள் போய், செட்டில் இருக்கும் ஆபத்து ஒலிப்பானைக் கையால் இயக்கி, முனகல் மூச்சுக்கு மாறுங்கள். அசையாமல் கிடந்தால் ஒலிப்பான் அரை நிமிடத்தில் தானாக அடிக்கும், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். முகமூடியைக் கழற்றாதீர்கள், கூட்டாளிக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கவும் வேண்டாம். மாற்றும்போது இருவருக்குள்ளும் புகைதான் போகும்.

10. வெளியே வந்ததும்

நல்ல காற்றுக்கு வந்து, பதிவு எடுப்பவரிடம் பெயர் சொல்லி, கேஜைப் படித்த பிறகு முகமூடியைக் கழற்றுங்கள். கழற்றிவிட்டுப் படித்தால் ரெகுலேட்டர் பீய்ச்சிய காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும்.

நோட்டில் நான்கு எண்கள் எழுதுங்கள்: தொடங்கிய அழுத்தம், போய்ச்சேர்ந்த அழுத்தம், திரும்பத் தொடங்கிய அழுத்தம், வெளியே வந்த அழுத்தம். நேரங்களையும் பதிவுப் பலகையிலிருந்து எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். வழிக்கு ஆன செலவும் திரும்ப ஆன செலவும் அருகருகே இருக்கும்போது, இரு மடங்கு விதி உங்களுக்குப் போதுமா என்பது பத்து நுழைவுகளுக்குள் தெரிந்துவிடும். திரும்பும் செலவு அடிக்கடி ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறவர்கள் இரு மடங்கோடு இன்னும் 20 பார் சேர்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது சிலிண்டரோடு திரும்ப உள்ளே போவதாக இருந்தால் முதல் சிலிண்டரின் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். உடல் சூடு இறங்கியிருக்காது, இதயத் துடிப்பும் உயர்ந்தே இருக்கும், அதே வேலைக்கு அதிகம் இழுப்பீர்கள். தண்ணீர் குடித்து, கோட்டைத் திறந்து, மூச்சு சீராகும்வரை உட்காருங்கள். இரண்டு 30 நிமிட சிலிண்டர்கள் முடிந்தால், அல்லது 45 அல்லது 60 நிமிட சிலிண்டர் ஒன்று முடிந்தால், முறையான ஓய்வு தர வேண்டும் என்பது அமெரிக்க வழிகாட்டுதல்.

மூன்றாம் படியில் அளந்த உங்கள் எண்ணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளந்து பாருங்கள். எடை கூடினாலும், நோயிலிருந்து எழுந்தாலும், முகமூடி வகையோ சிலிண்டர் அளவோ மாறினாலும் அதற்கு முன்பே அளக்க வேண்டும். பழைய எண்ணை அடித்துவிட்டு, புதிய எண்ணைத் தேதியோடு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.